அம்புலிமாமா ஓவியர் சங்கர்: கொங்கு நாட்டுச் சிறார் இதழ் ஓவியர் ஒருவரின் வாழ்வும் வருவாயும்

முன்னுரை

தமிழ்ச் சிறார் இலக்கிய வரலாறு இதுகாறும் பெரும்பாலும் எழுத்தாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நூற்பட்டியல்களில் ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றுக்கு இடம் உண்டு. படம் வரைந்தவர் பெயருக்கு இடம் இருப்பது அரிது. கொங்கு நாட்டின் பங்களிப்பைப் பேசுவோர் மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரனையும், அவர் முதன்மை ஆசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாக உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் தவறாது குறிப்பிடுவர். அதே கொங்கு மண்ணில் பிறந்து, சிறார்க்குப் படம் வரைவதையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிழைப்பாகக் கொண்ட கா. சி. சிவசங்கரன் அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை. 'சங்கர்' என்னும் ஒப்பத்தால் அறியப்பட்ட இவருடைய கலைத்திறம் பலராலும் போற்றப்பட்டுள்ளது. அந்தத் திறத்தைக் கொண்டு அவர் எவ்வாறு குடும்பம் நடத்தினார் என்னும் வினா மட்டும் போதிய அளவு எழுப்பப்படவில்லை. சிறார் ஓவியம் தமிழகத்தில் ஒரு தொழிலாக நிலைபெற்ற வரலாறு அந்த வினாவுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

ஊரும் பெயர்ச்சியும்

சிவசங்கரன் 1924 ஜூலை 19 அன்று தாராபுரம் வட்டாரத்துக் காரத்தொழுவு என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாளில் அது கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும் 'தொழுவு' மாடு கட்டும் இடத்தைக் குறிக்கும் சொல். மாட்டைச் செல்வமாகக் கருதிய நிலப்பரப்பின் பெயர் அது. அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் அவ்வாழ்வின் மற்றொரு முகம். சங்கர் வரைந்த காளையின் திமிலில் காங்கேயத்தையும், அரசன் ஏறிய குதிரையில் அந்தியூரையும் தேடும் ஆர்வம் கொங்கு நாட்டவர்க்கு எழுவது இயல்பே. எனினும் பத்து வயதில் ஊரை விட்டுச் சென்றவரின் கோடுகளுக்கு அவ்வளவு எளிதாகப் பிறப்பிடச் சான்று வழங்கிவிட இயலாது.

வேறொரு வகையில் அந்த மண் இங்குக் கருதத்தக்கது. காவல் தெய்வக் கோயில்களுக்கு மண் குதிரையும் சுதையுருவமும் செய்த கைவினைஞர்க்கு ஊரும் கோயிலும் கூலி கொடுத்தன. எதைச் செய்வது, யாருக்குச் செய்வது, அதற்கு ஈடாக என்ன பெறுவது என்பனவெல்லாம் வழக்கத்தால் வரையறுக்கப்பட்டிருந்தன. அச்சு இதழுக்குப் படம் வரைபவனுக்கு அத்தகைய வழக்கு எதுவும் இல்லை. எழுதப்படாத ஒரு தொழிலுக்குரிய விதிகளை அவன் காலத்தவரே உருவாக்க வேண்டியிருந்தது.

1934இல் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. சிறுவன் பிராட்வேயில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். பின்னர் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பயின்றான். கையெழுத்திலும் படத்திலும் அவனுக்கு இருந்த தேர்ச்சி ஆசிரியர்கள் கண்ணில் பட்டது. 1941இல் பள்ளிப்படிப்பு முடிந்தபோது பட்டப்படிப்புக்குச் செல்வதே பொதுவழி. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அரசு அலுவலகமோ வங்கியோ நிலையான சோற்றுக்கு உறுதி தந்த காலம் அது. ஓவிய ஆசிரியர் அவ்வழியிலிருந்து அவரைத் திருப்பி, கலைப் பள்ளியை நோக்கி அனுப்பினார். அந்த ஆலோசனையில் இருந்த துணிவு சிறிதன்று. அதன் விளைவைச் சுமக்க வேண்டியவர் மாணவரே.

கலைப் பள்ளியும் பிழைப்பும்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளிக்கு அப்போது தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வர். மெரினாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பின்னாளில் வடித்தவர் அவரே. மனித உடலின் எலும்பமைப்பையும் தசையின் முறுக்கத்தையும் நேர்நின்று வரைந்து பழகும் பயிற்சி அங்கே கடுமையாக இருந்தது. சங்கரின் பிற்காலப் படங்களில், எத்துணைக் கற்பனையான பூதமாக இருப்பினும், அதன் தோளும் இடுப்பும் உடலின் எடையைத் தாங்கி நிற்கும். அது அந்தப் பயிற்சியின் பயன்.

அப்பள்ளி திறமையைக் கற்பித்தது. அதை விற்கும் வழியைக் கற்பிக்கவில்லை. அங்கிருந்து வெளிவந்த தலைமுறையினர் பிழைப்புக்குக் கண்ட வழிகள் பலவாறாகப் பிரிந்தன. கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் நிறுவிய சோழமண்டல ஓவியர் கிராமத்தினர் துணி ஓவியம் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயால் தம் ஓவியத்தைப் புரந்தனர். அதாவது ஓவியம் சோறு போடாது என்பதை ஏற்றுக்கொண்டு, சோற்றுக்கு வேறொன்றைத் தேடிக்கொண்டனர். பள்ளிக்கு வெளியே, கோவில்பட்டியில் கொண்டையராஜு நாடகத் திரைச்சீலையிலிருந்து நாள்காட்டிப் படத்துக்கு வந்து சேர்ந்தார். கே. மாதவன் இதழ் அட்டை, நாள்காட்டி, திரைப்பட விளம்பரம் எனப் பல வாயில்களைத் திறந்து வைத்திருந்தார். பல முதலாளிகளிடம் சிறிது சிறிதாகப் பெறுவது அவர்கள் வழி. சங்கர் தேர்ந்தது அதற்கு நேர் எதிரானது. ஒரே நிறுவனம், மாதச் சம்பளம், சிறார்க்கான படம்.

கலைமகளில் 85 ரூபாய்

1946இல் படிப்பை முடித்த சங்கர் 'கலைமகள்' இதழில் ஓவியராகச் சேர்ந்தார். தொடக்கச் சம்பளம் 85 ரூபாய். 1932இல் தொடங்கப்பெற்ற அவ்விதழுக்கு உ. வே. சாமிநாதையரின் மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் ஆசிரியர். மோகனூரில் வளர்ந்த அவரும் கொங்கு நாட்டோடு தொடர்புடையவரே. இலக்கியத் தரத்தில் தமிழின் முன்வரிசையில் நின்ற இதழில் இடம் கிடைத்தது இளம் ஓவியருக்குப் பெருமை சேர்த்தது. 1950இல் அதே நிறுவனத்திலிருந்து ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு 'கண்ணன்' என்னும் சிறுவர் இதழும் வெளிவரத் தொடங்கியது. சிறார் இதழ் தனித்த துறையாக வளர்ந்துகொண்டிருந்தது.

ஆனால் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் சங்கரின் சம்பளம் 150 ரூபாயை ஒட்டியே நின்றது. குடும்பச் செலவுக்கு அது போதாமையால் வேறு இதழ்களுக்கும் வரைந்து ஈடுசெய்துகொண்டார். இதில் எவர்மீதும் குறை காண்பதற்கில்லை. ஒரே மொழியில் வெளிவரும் ஓர் இலக்கிய மாத இதழ் தன் விற்பனையிலிருந்து எழுத்தாளருக்கும் அச்சுக்கும் தாளுக்கும் கொடுத்த பிறகு ஓவியருக்கு எவ்வளவு தர முடியும் என்பதற்கு ஓர் எல்லை இருந்தது. ஈய எழுத்து அச்சுக் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் தனியே பிளாக் செய்தாக வேண்டும். நிழல் சாயல்களுடன் கூடிய படத்துக்கு அச்செலவு இன்னும் மிகுதி. அழுத்தமான கோட்டோவியம் அக்கால இதழ்களில் பெருகியதற்கு அழகியல் மட்டும் காரணமன்று.

அம்புலிமாமாவும் ஒரு கணக்கும்

பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினர். இரண்டு ஆண்டுகளுக்குள் கன்னடமும் இந்தியும் சேர்ந்தன. பின்னர்ப் பிற மொழிகள் தொடர்ந்தன. 1950களின் தொடக்கத்தில் சங்கர் அங்கு அழைக்கப்பட்டார். அவருக்குக் கிடைத்தது 350 ரூபாய். பணிக் கடிதத்தில் 300 என்றே குறிக்கப்பட்டிருந்தது. தொடக்கம் முதல் அவ்விதழின் முதன்மை ஓவியராக விளங்கிய 'சித்ரா' எனப்படும் டி. வி. ராகவனின் சம்பளம் 350 ஆக இருந்தமையே காரணம். புதிதாக வருபவரின் தேவையும் மூத்தவரின் மதிப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாதபடி நிறுவனம் ஒரு வழி கண்டது. இந்தச் சிறு செய்தி அக்கால இதழ் அலுவலகத்தின் உள்ளியல்பை நன்கு காட்டுகிறது.

கலைமகளில் பெற்றதைப்போல் இருமடங்குக்கும் மேல் அம்புலிமாமா கொடுக்க முடிந்தது எவ்வாறு என்பதே இங்கு உசாவத்தக்கது. நாகிரெட்டியின் திரைப்படச் செல்வத்தையும் வள்ளன்மையையும் காரணமாகச் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் முழு விடை இதழின் பக்க அமைப்பில் உள்ளது. எல்லா மொழிப் பதிப்புகளிலும் ஒரே கதை, ஒரே பக்கம், ஒரே படம். படம் தன் இடத்தில் நிற்கும். அதைச் சுற்றியுள்ள இடத்துக்குள் அந்தந்த மொழியின் வாசகம் அடங்க வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு அது நெருக்கடி. கணக்காளருக்கு அது வரம். 350 ரூபாயை நான்கு மொழிகளுக்குப் பகிர்ந்தால் ஒரு மொழிக்கு 87 ரூபாய் 50 காசு அளவே வரும். இளைஞரான சங்கருக்குக் கலைமகள் 1946இல் கொடுத்த 85 ரூபாய்க்கு அது ஏறத்தாழச் சமம். மொழிகள் பெருகப் பெருக அந்தப் பங்கு மேலும் குறைந்தது. ஓவியரின் உழைப்புக்குத் தமிழ்ச் சந்தை தனித்துத் தரக்கூடிய விலை பெரிதும் மாறிவிடவில்லை. பல மொழிச் சந்தைகள் ஒன்றுசேர்ந்து ஒரு முழுச் சம்பளத்தைத் தந்தன. சிறார் ஓவியர் ஒருவர் பக்க வேலை தேடாமல் வாழ முடிந்ததற்கு அடிப்படை இதுவே.

அந்தச் சம்பளம் வாங்கித் தந்தது நேரம். எம். டி. வி. ஆச்சார்யா, வபா எனக் கையொப்பமிட்ட வட்டாதி பாபையா, சித்ரா, சங்கர் முதலியோர் ஒரே கூரையின் கீழ் வரைந்தனர். சித்ரா பள்ளி சென்று கற்றவர் அல்லர், தாமே பயின்றவர். சங்கரோ முறையான கல்விக்கு ஆட்பட்டவர். முறைமை வேறாயினும் இருவர் படமும் அடுத்தடுத்த பக்கங்களில் பொருந்தி நின்றன. நேரில் பார்த்த கோயில் தூணையும் மண்டபத்தையும் மனத்தில் இருத்தி, முன்மாதிரிப் படம் ஏதுமின்றி வரையும் ஆற்றல் சங்கருக்கு இருந்ததென்பர். அதைப் பிறவிக் கொடை என்பதோடு நிறுத்துதல் தகாது. நாள்தோறும் வரைந்து, மாதந்தோறும் குறித்த நாளில் பக்கங்களை நிரப்பியாக வேண்டிய பணி அந்த நினைவைத் தீட்டிக் கூர்மையாக்கிற்று என்பதே பொருத்தம்.

வேதாளம் சுமந்த விக்கிரமன்

சங்கரின் பெயரை நிலைநாட்டியது வேதாளக் கதைத் தொடர். வடமொழியில் சோமதேவரின் கதாசரித்சாகரத்துள் அடங்கிய இருபத்தைந்து கதைகளை மூலமாகக் கொண்ட சட்டகம் அது. அம்புலிமாமா அந்த எண்ணிக்கையோடு நிற்கவில்லை. நாட்டார் கதையோ பிறநாட்டுக் கதையோ எதுவாயினும் அச்சட்டகத்துள் வைத்து, இறுதியில் ஒரு வினாவைச் சேர்த்துப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1960களில் சங்கர் அத்தொடருக்கு வரைந்த முகப்புப் படத்தில், சுடுகாட்டின் இருளில் உருவிய வாளுடன் அரசன் நடக்கிறான். தோளில் பிணம் தொங்குகிறது. அரசனின் முகத்தில் அச்சமும் இல்லை, வீரச் செருக்கும் இல்லை. ஒப்புக்கொண்ட வேலையை முடிக்கச் செல்பவனின் கவனமே உள்ளது. அப்படத்தைப் பார்த்து வளர்ந்த இந்தியச் சிறார்க்கு விக்கிரமாதித்தன் என்றால் அந்த உருவமே. வேறொரு முகத்தை அவர்களால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

இப்படமும் ஒரு பொருளியல் செய்தியைத் தாங்கி நிற்கிறது. ஒருமுறை வரையப்பட்டுப் பல்லாண்டுகள், பல மொழிகளில், மாதந்தோறும் அச்சேறியது அது. வரைந்தவருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தின் ஒரு சிறு பகுதி. இங்கிலாந்தில் சிறார் படநூல்களால் புகழ்பெற்ற ராண்டால்ப் கால்டிகாட், 1878 முதல் அச்சாளர் எட்மண்ட் எவான்சுடன் இணைந்து பணியாற்றியபோது, மொத்தக் கூலியை விட்டு, விற்கும் பிரதிக்கு இவ்வளவு என்னும் பங்கைத் தேர்ந்தார். நூல் விற்காவிட்டால் அவருக்கு ஒன்றும் இல்லை. விற்றால் அவரும் வளர்வார். சங்கரின் ஏற்பாடு இதன் மறுதலை. இதழ் விற்றாலும் தளர்ந்தாலும் முதல் தேதியில் சம்பளம் வரும். படம் எத்தனை முறை அச்சேறினும் அது கூடாது.

1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதழ்ப் பணியாளரைப் பற்றி நுட்பமான ஒரு வேறுபாட்டைச் செய்கிறது. இதழ் உரிமையாளரிடம் ஊதியத்துக்குப் பணிபுரிபவர் இதழுக்காகப் படைத்தவற்றில், இதழில் வெளியிடுவதற்கான உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, உரிமையாளரைச் சேரும். ஏனைய வகைகளில் படைத்தவரே முதல் உரிமையாளர். ஏட்டளவில் இது ஓவியருக்கு ஒரு வாயிலைத் திறந்து வைக்கிறது. நாள்காட்டியோ தனிநூலோ பொம்மையோ ஆகும்போது படத்தின் உரிமை யாருடையது என்று அவர் வினவலாம். ஆனால் மாதச் சம்பளத்தில் வாழ்ந்த அத்தலைமுறை ஓவியர்களின் தொழில் வழக்கில் அவ்வினாவுக்கு இடம் இருந்ததாகத் தெரியவில்லை. வேலையின் நிலைப்பும் உரிமையைப் பற்றிய மௌனமும் ஒரே ஏற்பாட்டின் இரு கூறுகள். தமிழ்ச் சிறார் நூலாக்கம் பற்றிய ஆய்வுகள் கதைக்குரிய உரிமையைப் பேசும் அளவுக்குப் படத்துக்குரிய உரிமையைப் பேசாதது ஒரு குறையே.

விலகியவரும் தங்கியவரும்

சங்கர் பிறந்த அதே 1924இல், ஒரு மாதம் முன்னதாகத் தஞ்சையில் பிறந்தவர் கோபுலு. அவர் கும்பகோணம் கலைப் பள்ளியில் பயின்று, ஆனந்த விகடனில் புகழின் உச்சியை எட்டியவர். 1960களில் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குச் சென்றார். 1972இல் ஆட்வேவ் என்னும் சொந்த விளம்பர நிறுவனத்தைத் தொடங்கினார். ஓவியர்க்கு நல்ல வருவாய் விளம்பரத்தில்தான் என்பது அத்தலைமுறைக்குத் தெரிந்தே இருந்தது. அவ்வழி சங்கருக்கும் அடைபட்டிருக்கவில்லை. எனினும் அவர் தங்கினார். இதைத் தியாகம் என்று போற்றுவதோ துணிவின்மை என்று குறைப்பதோ இரண்டும் பொருந்தா. கோபுலுவின் கலை நகைச்சுவையிலும் சமகால மனிதரிலும் வேரூன்றியது. அதை விளம்பரம் எளிதில் ஏற்றுக்கொண்டது. முடியும் அணிகலனும் சடாமுடியும் வரைந்து தேர்ந்த கைக்கு அத்தகைய முழுநேரச் சந்தை அம்புலிமாமா ஒன்றே. தேர்ச்சி ஆழமாக ஆழமாக, செல்லத்தக்க இடங்கள் குறைந்தன.

ஒற்றை நிறுவனத்தைச் சார்ந்த வாழ்வின் இடர் பின்னர் வெளிப்பட்டது. சக்கரபாணி 1975இல் மறைந்தார். சித்ரா 1978இல், தெலுங்குப் பதிப்பைத் தாங்கிய கொடவட்டிகண்டி குடும்பராவ் 1980இல். 1998இல் தொழிலாளர் சிக்கலால் இதழ் நின்றது. அப்போது சங்கருக்கு வயது 74. அடுத்த ஆண்டின் இறுதியில் இதழ் மீண்டது; அவரும் மீண்டார். 2007இல் நிறுவனம் கைமாறியது. புதிய உரிமையாளர் காலத்திலும் அவர் தொடர்ந்து வரைந்தார். 2012ஐ ஒட்டி அதுவும் முடிவுக்கு வந்தது. ஈய எழுத்து அச்சு தொடங்கிக் கணினிப் பக்க அமைப்பு வரை எல்லா மாற்றங்களையும் கடந்து, தூரிகையையும் மையையும் மாற்றாமல் அறுபது ஆண்டுகள் ஓர் இதழில் பணியாற்றியவர் தமிழ் இதழியலில் வேறெவரும் உளரா என்பது ஐயமே.

எண்பத்தெட்டாம் வயதில் வேலை இழந்தவர் ஓய்வை நாடவில்லை. இராமகிருஷ்ண மடத்தின் தமிழ்த் திங்களிதழான 'ஸ்ரீ ராமகிருஷ்ண விஜய'த்துக்கு வரையத் தொடங்கினார். முதுமையில் தொடர்ந்த இவ்வுழைப்பைப் பக்தியாக விளக்குவோர் உளர். சிறுவயது முதல் புராணப் பாத்திரங்களோடு பழகிய ஒருவர்க்கு அது பொருந்தாததன்று. இருப்பினும், எழுபது ஆண்டுகளாக நாள்தோறும் வரைந்த கை வரையாமல் இருக்கப் பழகவில்லை என்னும் எளிய விளக்கத்தையும் ஒதுக்கிவிட இயலாது.

சிவசங்கரன் 2020 செப்டம்பர் 29 அன்று சென்னையில், தம் தொண்ணூற்றேழாம் அகவையில் காலமானார். நடுவண் அரசின் பத்ம விருதுப் பட்டியல் நான்கு திங்கள் கழித்து, 2021 ஜனவரியில் வெளியாயிற்று. அதில் அவர் பெயர் தமிழ்நாட்டின் சார்பில், கலைப் பிரிவில், மறைவுக்குப் பின் வழங்கப்படும் பத்மஸ்ரீயாக இடம்பெற்றிருந்தது.